மெய்யப்பன் எழுதினாராம், எந்த மெய்யப்பன்? ஆய்வில் பெயரை நம்பிச் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் முதல் இயலைக் கொண்டுவந்து காட்டினார். காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பல வருடம் இருந்தவன் நான், அதனால் இப்படி யாராவது வருவது வழக்கம். திரவப் படிகங்களைப் பற்றிய ஆய்வு. வரலாற்றுப் பகுதியில் எஸ். சந்திரசேகர் என்பவரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்டு 1983இல் நோபல் பரிசு பெற்றவர், 1977இல் வட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகத்தைக் கண்டறிந்தவர், இந்திய மக்கள்தொகை பற்றி நூல்கள் எழுதி மத்திய சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். “இவர் எப்பம்மா தூங்கினார்?” என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பத்திக்குள் இருந்தது மூன்று பேர். விண்மீன்காரர் சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995), சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். திரவப் படிகக்காரர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004), பெங்களூரில் இருந்தவர். மக்கள்தொகைக்காரர் ஸ்ரீபதி சந்திரசேகர் (1918–2001), 1967இல் அமைச்சரானவர். மாணவியை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. முதல் இருவரும் சர் சி.வி. ராமன் வீட்டுப் பிள்ளைகள்தான். ஒருவர் ராமனின் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். இரண்டு உறவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் “ராமனின் உறவினரான எஸ். சந்திரசேகர்” என்று படித்தாலும் குழப்பம் தீராது. போதாக்குறைக்கு, விண்மீன்காரருக்கு நோபல் கிடைத்த அதே 1983இல்தான் படிகக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தத் தவறைச் செய்வதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். ஐயாவின் பெயரை மூத்த பேரனுக்கு வைத்து வைத்து, தெருவில் நின்று “சிதம்பரம்” என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற ஊர்கள் இவை. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் வெறும் பெயரை நம்பி யாரும் கணக்கு எழுதவில்லை. பாட்டன், அப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து விலாசம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் பெயரா முதலில் கேட்கிறோம்? எந்த ஊர், எந்தக் குலக்கோயில், எந்தப் பிரிவு, யார் வீடு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் இதெல்லாம் மறந்துவிடுகிறது.

தேடல் பெட்டியில் பெயரை மட்டும் போடுவது

ராமானுஜன் என்று தேடுங்கள். கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன் வருவார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன சிகாகோ பேராசிரியர் ஏ.கே. ராமானுஜனும் வருவார். இவருடைய அப்பா கணிதப் பேராசிரியர் என்பது குழப்பத்துக்கு இன்னொரு கை. அப்புறம் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சி.பி. ராமானுஜம் (1938–1974). இவர் பெயர் ‘ன்’னில் முடியாது, ‘ம்’மில் முடியும். ஆனால் இவரும் கணிதர். ஒரு எழுத்தைக் கைதவறி மாற்றினால் எண் கோட்பாட்டிலிருந்து இயற்கணித வடிவியலுக்குப் போய்விடுவீர்கள், துறை ஒன்றுதான் என்பதால் சந்தேகமும் வராது. இசை ஆய்வு செய்கிறவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து அரியக்குடி ராமானுஜ அய்யங்காரை (1890–1967) தேடப்போய் வைணவ ஆசாரியர் ராமானுஜரிடம் நிற்பதும் உண்டு.

ராமன் விஷயம் வேறு மாதிரி. 1928இல் அவர் கண்ட விளைவு இன்று ஒரு சோதனை முறையின் பெயர். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் மின்கலப் பொருள் ஆராய்கிறவர்களுக்கு ‘ராமன் எடுத்தாச்சா?’ என்பது அன்றாடப் பேச்சு. ராமன் என்ற பெயருள்ள ஓர் ஆய்வாளரைத் தேடினால், அந்த முறையைப் பயன்படுத்திய கட்டுரைகள் எல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் மேம்பட்ட தேடல் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆசிரியர் பெயருக்குத் தனிப் பெட்டி உண்டு. அங்கே போட்டால் பாதித் தலைவலி தீரும். மீதிப் பாதிக்கு ஊர், கோயில் கேள்விதான்: எந்த நிறுவனத்திலிருந்து எழுதினார், எந்த வருடம், கூட எழுதியவர்கள் யார், கட்டுரையின் அடியில் யாரை மேற்கோள் காட்டுகிறார். இந்த நான்கில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஒரே பெயருள்ள இருவரை ஒருவர் என்று முடிவு செய்யாதீர்கள்.

கூகுள் தானாகச் சேர்த்ததை நம்புவது

ஸ்காலரில் நமக்கென்று ஒரு பக்கம் திறக்கும்போது, புதுக் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கட்டுமா, கேட்டுவிட்டுச் சேர்க்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். பலர் முதலாவதை விட்டுவிடுகிறார்கள். தமிழ்த்துறையில் எனக்குத் தெரிந்த ஓர் உதவிப் பேராசிரியரின் பக்கத்தில் இறால் தீவனம் பற்றி மூன்று கட்டுரைகள் இருந்தன. பதவி உயர்வு நேர்காணலில் ஒருவர் அதைப் பார்த்துக் கேட்கும்வரை இவருக்கே தெரியாது. வேண்டுமென்று செய்ததாகத்தான் அந்த அறையில் நினைத்திருப்பார்கள். மேற்கோள் எண்ணிக்கை கூடுவது கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அது அடுத்த வீட்டு வரவு. ‘கேட்டுவிட்டுச் சேர்’ என்று மாற்றி வையுங்கள், மாதம் ஒருமுறை பட்டியலை ஓட்டிப் பாருங்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் ஆசிரியர் எண் நாம் கேட்காமலே உருவாகிறது. ஒருவரை இருவராக்குவதும் இருவரை ஒருவராக்குவதும் அங்கேயும் நடக்கும். திருத்தக் கோரிக்கை அனுப்பினால் சரிசெய்கிறார்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அப்பச்சிக்குப் போகும் பெயர்

இதுதான் நம் ஆட்கள் அதிகம் செய்வது. இதழின் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். மு. மெய்யப்பன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் மெய்யப்பன், கடைசிப் பெட்டியில் அப்பாவின் பெயரான முத்தையா என்று நிரப்புகிறார். மேலைநாட்டு வழக்கப்படி கடைசிப் பெட்டியில் இருப்பதுதான் மேற்கோளில் முன்னால் நிற்கும். கட்டுரை எழுதியது மகன், உலகம் முழுக்கப் போய்ச் சேருவது அப்பச்சியின் பெயர். முத்தையா என்ற பெயரில் ஆய்வாளர்களுக்கா பஞ்சம்? இவருடைய கட்டுரை அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். கடைசிப் பெட்டியில் வெறும் ‘எம்’ போட்டவர்கள் நிலை இன்னும் மோசம்.

தங்கள் சொந்தப் பெயரைக் கடைசியில் வையுங்கள், அப்பா பெயரை முன்னால் வையுங்கள். ராமானுஜனுக்கு ஸ்ரீனிவாச என்பது அப்பா பெயர், சந்திரசேகருக்குச் சுப்பிரமணியன் அப்பா பெயர். இருவரும் அப்படித்தான் வைத்தார்கள், அதனால்தான் ராமானுஜன் எண்ணும் சந்திரசேகர் எல்லையும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தாலும் கட்டுரைக்கு அது தடையில்லை.

நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் கூடுதல். எங்கள் இனிஷியல் ஒற்றை எழுத்தாக இருப்பதில்லை. சுப, சோம, இராம, சித என்று பெயரின் முதல் துண்டே இனிஷியல். ஆங்கிலத்தில் அது எஸ்பி, ஆர்எம், சிடி என்று இரண்டெழுத்தாகும். மேலைச்சிவபுரியில் பிறந்த தமிழறிஞர் வ.சுப. மாணிக்கம் ஆங்கிலத்தில் வி. எஸ்பி. மாணிக்கம். இதழ்க்காரர் நல்லெண்ணத்தோடு நடுவில் ஒரு புள்ளி வைத்து வி.எஸ்.பி. என்று ஆக்கினால் சுப என்ற ஒருவர் இரண்டு பேராகிவிடுவார். கல்வி வள்ளல் ஆர்எம். அழகப்பச் செட்டியாருக்கும் இதே கதிதான். எழுத்துப் பிழை பார்க்க அனுப்பும் படியில் எல்லோரும் படத்தையும் அட்டவணையையும் பார்க்கிறார்கள். முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டலும் அப்படியே. அழகப்பனுக்கு ‘ழ’ வரும் இடத்தில் ‘எல்’லா, ‘இசட் ஹெச்’சா? மெய்யப்பனுக்கு ‘ஒய்’ இரண்டா, ‘ஐ’யா? எது வேண்டுமானாலும் இருக்கட்டும், முதல் கட்டுரையில் முடிவு செய்து பிறகு மாற்றாதீர்கள். கல்யாணம் ஆனதும் இனிஷியலை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் கட்டுரைகள் இரண்டு பேருடையவையாக நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்தோடு குலக்கோயில் மாறலாம், ஆய்வுப் பெயரை அப்படியே விட்டுவைப்பதே என் யோசனை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய பெயரையும் எங்காவது பதிந்து வையுங்கள், எங்கே என்று கடைசியில் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரும் ஏமாற்றும்

நிறுவனத்தைப் பாருங்கள் என்று சொன்னேன். ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. அழகப்பா என்ற பெயரைப் பார்த்ததும் காரைக்குடி என்று எழுதிவிடாதீர்கள். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1944இல் தொடங்கியது, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகம், 1985, காரைக்குடி. அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும் காரைக்குடிதான், ஆனால் பல்கலைக்கழகம் வேறு, அது வேறு. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து 1953இல் திறக்கப்பட்டது, அதன் பெயரில் அவரே இல்லை. ஒரே வள்ளலின் கை பட்ட நான்கு இடங்கள். ஆசிரியரின் முகவரியில் ‘அழகப்பா’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இருவரை ஒருவராக்கிய பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன்.

செட்டிநாடு என்ற சொல்லும் அப்படித்தான். ஆத்தங்குடித் தளக்கல்லையும் கானாடுகாத்தான் வீடுகளையும் பற்றி என்ன ஆய்வு வந்திருக்கிறது என்று பார்க்க ஆங்கிலத்தில் செட்டிநாடு என்று தேடினால் மருத்துவக் கட்டுரைகள் மலைபோல் வரும். கேளம்பாக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆசிரியர் முகவரியில் உள்ள சொல்லையும் தேடல் பிடித்துக்கொள்கிறது. தலைப்பில் மட்டும் தேடச் சொல்லுங்கள், அல்லது ஊர்ப்பெயரைச் சேருங்கள். அண்ணாமலை என்றால் திருவண்ணாமலையும் வரும், சிதம்பரத்தில் உள்ள பல்கலைக்கழகமும் வரும், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து குறைந்தால் ஆனைமலைக் காட்டு யானைகளும் வரும்.

எதிர்ப்பக்கத் தவறு

இவ்வளவும் படித்துவிட்டு, துறை வேறாக இருந்தால் ஆளும் வேறுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கோசாம்பி என்று தேடினால் மரபணு வரைபடக் கணக்கில் 1944ஆம் வருடக் கட்டுரை ஒன்றும், பழைய நாணயங்கள் பற்றிய கட்டுரைகளும், இந்திய வரலாற்று நூல்களும் வரும். மூன்றும் ஒரே டி.டி. கோசாம்பி (1907–1966). ஆனால் பாலி மொழி, பௌத்தம் பற்றி எழுதிய தர்மானந்த கோசாம்பி அவருடைய அப்பா. கங்கைச் சமவெளியின் கோசாம்பியோ ஒரு பழைய நகரம். ஒரே தேடலில் ஒரு பல்துறை ஆள், அவர் அப்பா, ஓர் ஊர்! காரைக்குடியிலேயே சா. கணேசன் இருந்தார். 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியவரும், சட்டமன்றத்துக்குப் போனவரும், கோயில் சிற்பங்களைப் பற்றி எழுதியவரும் ஒருவர்தான்.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கக் கூடாது. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையும் ஆத்திசூடி ஔவையும் ஒருவரல்லர், சங்க நக்கீரரும் பதினோராம் திருமுறையின் நக்கீரதேவ நாயனாரும் ஒருவரல்லர். எங்கள் வீடுகளில் கும்பிடுகிற பட்டினத்தாரே திருமுறையில் ஒருவர், சித்தர் பாடல்களில் இன்னொருவர் என்று ஆய்வாளர்கள் மொழிநடையை வைத்துச் சொல்கிறார்கள். ஆத்தாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடி விழும். கதை ஒருவராக்கியவர்களைக் காலமும் நடையும் பார்த்துப் பிரிக்கிற அதே வேலைதான் தரவுத்தளத்திலும்.

எண் ஒன்று வாங்கி வைப்பது

2012இலிருந்து ஆர்கிட் (ORCID) என்று ஒரு இலவச ஏற்பாடு இருக்கிறது. ஆய்வாளருக்குப் பதினாறு இலக்க எண். கடைசி இடத்தில் சிலருக்கு ‘எக்ஸ்’ வரும், பயப்பட வேண்டாம், அது சரிபார்ப்பு எழுத்து. பெயர் எத்தனை பேருக்கு இருந்தாலும் எண் ஒருவருக்குத்தான். மேலே சொன்ன பழைய பெயர், வேறு எழுத்துக்கூட்டல், உடைந்த இனிஷியல் எல்லாவற்றையும் ‘இப்படியும் அறியப்படுபவர்’ என்ற இடத்தில் பதிந்துவைக்கலாம். தமிழ் எழுத்திலும் போடலாம்.

அதை வாங்குவதிலும் ஒரு தவறு நடக்கிறது. கல்லூரி மெயிலில் ஒன்று, சொந்த மெயிலில் ஒன்று என்று இரண்டு எண் வாங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இரண்டாகிவிட்டால், அவர்கள் தளத்திலேயே ஒன்றை மூடி மற்றதோடு இணைக்கலாம், பழைய எண்ணைத் தேடுகிறவரைப் புதிய எண்ணுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த மாணவிக்கு அன்றைக்கே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவர் பெயரில் ஏற்கெனவே ஐந்து வள்ளியம்மைகள் இருந்தார்கள்.