இணையத்தில் பெயர் எடுப்பது எப்படி? ஃப்ரீலான்ஸ் தொடங்குவோருக்கான செய்முறை

சென்னையில் புதிதாக ஃப்ரீலான்ஸ் தொடங்குகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே தங்களுக்கு ஒரு லோகோ வரைந்து, நான்கைந்து தளங்களில் கணக்கும் தொடங்கிவிடுகிறார்கள். லோகோ பிறகு வரட்டும். வேலை கொடுப்பவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: என் தொழிலின் தேவை இவருக்குப் புரியுமா? உங்கள் பக்கத்தைப் பார்த்த உடனே அதற்கு விடை கிடைக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊறுகாய், பொடி, அப்பளம் தயாரிக்கும் சிறு தொழில் செய்வோருக்கு லேபிள் வடிவமைக்க விரும்புகிறார். நீங்கள் கணக்கு எழுதுபவராக இருந்தாலும், மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும் இதே படிகள்தான்.

படி 1: யாருக்கு, என்ன வேலை?

“கிரியேட்டிவ் டிசைனர்” என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. “சிறு உணவுத் தயாரிப்பாளர்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் லேபிள் வடிவமைக்கிறேன், சென்னை” என்று எழுதுங்கள். லிங்க்ட்இன் தலைப்பு வரியில் 220 எழுத்து வரை இடம் உண்டு, அது தாராளம். வட்டத்தைச் சுருக்கினால் வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் வரத்தான் செய்யும். ஆனால் அம்பத்தூரில் மசாலா அரைத்து விற்பவர், மசாலா பாக்கெட் செய்து காட்டியவரைத்தான் முதலில் அழைப்பார்.

படி 2: ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல்

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அப்பாவின் முழுப்பெயர், பான் அட்டையில் வேறொரு வகை. செந்தில், கார்த்திக் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். உங்கள் பெயரைக் கூகுளில் தேடிப் பாருங்கள். அதே பெயரில் பெருங்கூட்டம் இருந்தால் அப்பா பெயரையும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை முடிவு செய்தபின் மின்னஞ்சல், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் அதுவே இருக்கட்டும். பில்லில் மட்டும் வங்கிக் கணக்கிலும் பான் அட்டையிலும் உள்ளபடி எழுதுங்கள். லிங்க்ட்இன் முகவரியின் கடைசியில் தானாக ஒட்டிக்கொள்ளும் எண்களையும் நீக்கிவிடலாம்.

படி 3: மூன்று மாதிரிகள்

அதிக நேரத்தை இதற்குத்தான் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் இன்னும் வரவில்லையா? ஒரு பூண்டு ஊறுகாயைக் கற்பனை செய்து, அதற்கு லேபிள் செய்யுங்கள். “பயிற்சிக்காகச் செய்தது” என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். உண்மையில் இருக்கிற ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்ததுபோல ஒருபோதும் காட்டிக்கொள்ளாதீர்கள். தெரியவந்தால் நம்பிக்கை திரும்ப வராது.

அழகு மட்டும் இங்கே போதாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையும் அது தரும் 14 இலக்க உரிம எண்ணும் லேபிளில் வேண்டும். சைவ உணவுக்கான பச்சைக் குறி, எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் சேர்பொருள்கள், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி என்று இன்னும் நிறைய உண்டு. இத்தனையும் ஒரு சின்னப் பாட்டிலுக்குள் அடங்கி, பூண்டு ஊறுகாய் என்பதும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். எதை எங்கே வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்று படத்துக்குக் கீழே ஐந்தாறு வரி எழுதுங்கள். உங்களை நம்பலாமா என்று பார்ப்பவர் தீர்மானிப்பது அந்த வரிகளைப் படித்துத்தான்.

எழுத்துருவுக்கும் காரணம் சொல்லுங்கள். முக்தா மலர், கேடமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். சிறிய அளவில் அச்சிடும்போது மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகிறதா என்று அச்சிட்டே பாருங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தாள் வாங்கி அச்சிட்டு, நிஜமான பாட்டிலில் ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் இலவசமாகப் பதிவேற்றலாம்.

படி 4: வாடிக்கையாளர் இருக்கும் இடம்

ஓஎம்ஆர் சாலையில் இருக்கும் ஐடி நிறுவனங்களில் வேலை வேண்டுமென்றால் லிங்க்ட்இன். ஊறுகாய் போடுபவர் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. அவருக்கு வாட்ஸ்அப்தான் எளிது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தனி எண்ணில் தொடங்கி, அதன் கேட்டலாகில் (பொருள் பட்டியலில்) மூன்று மாதிரிகளையும் விலையோடு வையுங்கள். வாடிக்கையாளரை நேரில் சந்தித்து வேலை செய்பவர், கூகுள் தேடலிலும் மேப்பிலும் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் தொடங்கலாம். வீட்டு முகவரியை மறைத்து, சேவை தரும் பகுதிகளை மட்டும் காட்ட அதில் வசதி இருக்கிறது. பெண்கள் முகவரியை அவசியம் மறைத்துவிடுங்கள். இணையத்தில் மட்டுமே வேலை செய்பவருக்கு இந்தப் புரொஃபைல் தொடங்க அனுமதி இல்லை.

படி 5: வாரம் ஒரு பதிவு

திரையில் பளிச்சென்று தெரியும் நிறம் அச்சில் மங்குவது ஏன்? லேபிளின் ஓரத்தைச் சுற்றி 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது எதற்கு? இப்படி ஒரு கேள்வி, ஒரு பதில், தமிழில். பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், அவர்களில் ஒருவர்கூட லேபிள் கேட்டு வரமாட்டார்.

படி 6: முதல் வேலை முடிந்ததும்

பாக்கெட் அச்சாகி அவர் கைக்கு வந்த அன்றே கேளுங்கள்: “முன்பு என்ன சிரமம் இருந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது? இரண்டு வரி அனுப்ப முடியுமா?” வெறுமனே கருத்துக் கேட்டால் “சூப்பர்” என்று மட்டும் வரும், அதனால் பயனில்லை. அவர் தமிழில் அனுப்பினால் தமிழிலேயே வெளியிடுங்கள். மெருகேற்றினால் அது அவர் பேச்சாக இருக்காது. வெளியிடும் முன் அவரிடம் அனுமதி வாங்கி, அவர் செய்தியைப் படமாகப் போட்டால் அதில் அவருடைய தொலைபேசி எண்ணை மறைத்துவிடுங்கள். பிறகு பயிற்சிக்காகச் செய்த மாதிரிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, இந்த வேலையை முதலிடத்தில் வையுங்கள்.