மெயின் விழுந்தால் யாரைத் திட்டுவது?

நாங்கள் முன்பு இருந்த வாடகை வீட்டில் மழை வந்தால் மெயின் விழுந்துவிடும். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்தார். மெயினில் இருந்த ஆர்.சி.சி.பி.யை (கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டார், அவ்வளவுதான். அப்புறம் அது விழவே இல்லை. பாத்திரம் துலக்கிய ஈரக் கையோடு அம்மா ஃபிரிட்ஜைத் தொட, கரண்ட் அவரைத் தூக்கி அடிக்கும் வரை எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"அதான் எம்.சி.பி. இருக்கே?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் ஸ்விட்ச். அது காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் கரண்ட் போனால்தான் அசையும். மனித உடம்பில் 0.1 ஆம்பியர் பாய்ந்தாலே இதயம் தாளம் தப்பலாம். அது எம்.சி.பி.யின் கணக்கிலேயே வராது. ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு. ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் வயர்) திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் (0.03 ஆம்பியர்) வகை. அந்த அளவு வழியில் கசிந்தாலே நொடிக்கும் குறைவான நேரத்தில் விழுந்துவிடும். ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று மரப்பலகை மேல் நின்று பிடித்தால் அதற்கும் தெரியாது. கசிவே இல்லையே!

ஆகவே அடிக்கடி விழுந்தால் கசிவைத் தேடுங்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஏனென்றால் ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எர்த்தை (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர்) தொட்டிருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். எங்கள் வீட்டில் குற்றவாளி மொட்டைமாடி விளக்கின் ஹோல்டர். உள்ளே மழைத் தண்ணீர்.

ஃபிரிட்ஜ் கதை வேறு. சுவரில் மூணு பின் பாயின்ட் இருந்தது, ஆனால் பெரிய ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை. அந்தப் பெரிய பின் சும்மா நீளமாக வைத்ததல்ல; செருகும்போது முதலில் தொடவும் பிடுங்கும்போது கடைசியில் விடவும்தான் அந்த நீளம். அதை உடைத்துவிட்டு ரெண்டு பின் பாயின்டில் செருகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எர்த் இருந்தாலும் மண் காய்ந்து அதன் தடை 10 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 230 வோல்ட்டுக்கு அதில் 23 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, அதுவரை ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும் என்பது இதனால்தான்.

எம்.சி.பி. விழுகிறது என்று 16ஐ எடுத்துவிட்டு 32 மாட்டுவதும், ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவதும் ஒரே ரகம். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும். சுவருக்குள் இருக்கும் வயர் பழைய 2.5 ஸ்கொயர் எம்.எம். தானே? எம்.சி.பி.யோடு சேர்ந்து அது வளரவில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 6 ஆம்பியர் பாக்ஸ் தாங்குவது 1,380 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் கேட்கும். செல்போன் சார்ஜர் பத்து செருகினாலும் கவலை இல்லை. அடுப்பு, கீசர், அயர்ன் பாக்ஸ் போல சூடாக்குகிற சாமான்கள்தான் வில்லங்கம். பிளக் பழுப்பு நிறமாகியிருந்தால் உள்ளே லூஸ் கான்டாக்ட் என்று அர்த்தம். புது பிளக் மட்டும் மாற்றிப் பயனில்லை, சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வாட்டர் ஹீட்டர் ராடு போட்ட வாளியில் "சூடாயிடுச்சா" என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. ஸ்விட்சை அணைத்தாலும் நம்பாதீர்கள். வயரிங் செய்தவர் நியூட்ரலில் ஸ்விட்சைப் போட்டிருந்தால் அணைத்த பிறகும் ராடில் ஃபேஸ் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி கண்ணால் பார்த்த பிறகு கையை விடுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' (டெஸ்ட்) என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும், பலர் அதைத் தொட்டதே இல்லை. மாதம் ஒருமுறை, கரண்ட் இருக்கும்போது அதை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். கழற்றிவிட்டு நேராக இணைக்கிற ஆளை மட்டும் கூப்பிடாதீர்கள்.