மண்ணெண்ணெய் என்று மணிக்கூட்டில் தெரியவேண்டும்

திருகோணமலை, திருக்கடலூரில் என் மாமாவுக்கு ஒரு பதினெட்டடி ஃபைபர் படகு இருக்கிறது. கடலுக்குப் போகும்போது போனைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதையும் மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டுவிடுவார். கை முழுக்க உப்பும் செதிலுமாக இருக்கும். மாமி அனுப்பும் செய்தியைப் பார்க்க வேண்டுமானால் வாளியைத் திறந்து, பையை அவிழ்த்து, கையைத் துடைக்க வேண்டும். ஆகவே அவர் பார்ப்பதே இல்லை. “கச்சான் கூடுகிறது, திரும்புங்கள்” என்ற செய்தியைக் கரைக்கு வந்து வலையை உதறிய பிறகுதான் படிப்பார். (எங்கள் ஊரில் கச்சான் என்றால் வறுத்து விற்கும் நிலக்கடலையும்தான், ஆனி ஆடியில் அடிக்கும் சூட்டுக் காற்றும்தான். கடலில் நிற்பவருக்குக் குழப்பம் வராது.)

அவருக்காக ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு வாங்கி, அதற்குத் துணையாகப் போனில் ஓடும் செயலியை உவர்மலையில் என் வீட்டு மேசையில் இருந்தபடி எழுதினேன். அதே வேலையில் இறங்குபவர்களுக்காக, நான் பட்ட இடங்களில் விரிவாகவும் படாத இடங்களில் சுருக்கமாகவும் இதை எழுதுகிறேன். ஆண்ட்ராய்ட் செயலி ஒன்றையாவது முன்பு எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த மணிக்கூடு என்பதைப் பொறுத்து வேலையின் வடிவமே மாறும். ஆப்பிள் மணிக்கூடு என்றால் வாட்ச் கனெக்டிவிட்டி என்ற நூலகம் இருக்கிறது. கூகுளின் வேர் ஓஎஸ் ஓடும் மணிக்கூடு என்றால் டேட்டா லேயர் என்ற நூலகம். வேர் ஓஎஸ்ஸில் போன் செயலிக்கும் மணிக்கூட்டுச் செயலிக்கும் ஒரே பொதிப் பெயரும் (பேக்கேஜ் நேம்) ஒரே கையொப்பச் சாவியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளா, பிழைச் செய்தியும் வராது. நான் எடுத்தது பாங்கிள் ஜேஎஸ் 2. 176 பிக்சலுக்கு 176 பிக்சல் திரை, உள்ளே என்ஆர்எஃப் 52840 சிப், நிரல் எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில். மின்சாரம் குறைவாக எடுக்கும் புளூடூத் வகையான புளூடூத் லோ எனர்ஜியில் போனோடு நேரடியாகப் பேசுகிறது. இடையில் எந்த நிறுவனத்தின் நூலகமும் இல்லை என்பதால் எல்லாச் சிக்கலும் நம் தலையில் விழும். எல்லாவற்றையும் நாமே திருத்தவும் முடியும்.

தொடங்குமுன் காட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறந்த மூலச் செயலியின் நிரலைப் படியுங்கள். பலவகை மணிக்கூடுகளுக்குத் துணைச் செயலியாக இருப்பது அது. பலருக்கு அதுவே போதும், புதிதாக எழுதத் தேவையே இராது. மாமாவுக்கு மூன்றே பொத்தான் உள்ள திரை வேண்டியிருந்ததால் நான் எழுதினேன்.

முதலில் அனுமதிகள். ஆண்ட்ராய்ட் 12க்கு முந்திய போன்களில் புளூடூத் தேடலுக்கு இருப்பிட அனுமதி கேட்க வேண்டும். “மணிக்கூட்டுக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று ஏன் தெரியவேண்டும்?” என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். 12இலிருந்து தேடுவதற்கும் இணைப்பதற்கும் தனி அனுமதிகள் வந்துவிட்டன. இதைவிட நல்ல வழி, ஆண்ட்ராய்ட் 8இலிருந்து இருக்கும் கம்பேனியன் டிவைஸ் மேனேஜர். தேடும் வேலையை அமைப்பே செய்து, கிடைத்த கருவிகளின் பட்டியலை அதுவே காட்டும். பயனர் ஒன்றைத் தொட்டால் அந்த ஒன்று மட்டும் உங்களுக்குக் கிடைக்கும். இருப்பிட அனுமதி தேவையில்லை, பின்னணியில் ஓடுவதற்கும் சில சலுகைகள் உண்டு.

அறிவிப்புகளைப் படிக்க நோட்டிஃபிகேஷன் லிஸனர் சர்வீஸ் வேண்டும். அதைப் பயனர் அமைப்புகளுக்குள் போய்த் தானே திறந்துவிட வேண்டும். ஆண்ட்ராய்ட் 13இலிருந்து இதில் ஒரு பூட்டு கூடியிருக்கிறது: செயலிக் கடையிலிருந்து இறக்காமல் கோப்பாகக் கொடுத்து நிறுவிய செயலி என்றால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். செயலித் தகவல் பக்கத்துக்குப் போய் ‘கட்டுப்படுத்தப்பட்ட அமைப்புகளை’ அனுமதித்த பிறகே உயிர் வரும். மாமாவின் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் இதைத்தான் தேடினேன். இன்னொன்று, உங்கள் செயலிக்கு இணைய அனுமதியே கேட்காதீர்கள். ஒருவருடைய எல்லாச் செய்திகளையும் படிக்கும் செயலி வெளியுலகோடு பேச முடியாது என்று காட்ட அதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது இணைப்பு. துணைச் செயலியின் உண்மையான வேலை இணைப்பது என்றுதான் நானும் நினைத்தேன். அறுந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் முக்கால்வாசி வேலை. மாமா முன்னணியத்தில் (படகின் முன்பக்கம்) வலை இழுக்கிறார், வாளி பின்னணியத்தில் (பின்பக்கம்) கிடக்கிறது, இடையில் அவருடைய உடம்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். அவர் திரும்பி உட்கார்ந்தாலே இணைப்பு போய்விடும்.

முதல் தடவை இணைக்கும்போது தானியங்கி இணைப்பை நிறுத்தி வைத்து இணையுங்கள், வேகமாக நடக்கும். அதன்பிறகு அதை இயக்கிவிட்டால், மணிக்கூடு அருகே வரும்வரை போன் பொறுமையாகக் காத்திருக்கும். 133 என்ற பிழை எண்ணை அடிக்கடி பார்ப்பீர்கள். அதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. பழைய இணைப்புப் பொருளை முறையாக மூடி, சிறிது நேரம் விட்டு, புதிதாகத் தொடங்குங்கள். மூடாமல் விட்டுவிட்டுப் புதிதாகத் திறந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் எதுவும் இணையாது. நான் இரண்டு இரவு இழந்தது இதில்தான்.

பாங்கிள் ஜேஎஸ் பயன்படுத்துவது நோர்டிக் யுஏஆர்டி என்ற சேவை. ஒரு வாசலில் போன் எழுதும், இன்னொரு வாசலில் மணிக்கூடு சொல்லும். மணிக்கூடு சொல்வதைக் கேட்க, ஆண்ட்ராய்டில் ‘அறிவிப்பை இயக்கு’ என்று அழைத்தால் மட்டும் போதாது. 2902 என்ற எண்ணுள்ள விவரிப்பியில் (டிஸ்கிரிப்டர்) நீங்களே எழுதவும் வேண்டும். இதை மறந்தால் எழுதுவது போகும், பதில் மட்டும் வராது.

ஆண்ட்ராய்டின் புளூடூத் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். ஒன்றை எழுதி, ‘எழுதியாயிற்று’ என்ற பதில் வருமுன் அடுத்ததை எழுதினால் அது நிராகரிக்கப்படும். எல்லா எழுத்தையும் வாசிப்பையும் ஒரு வரிசையில் போட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புங்கள். மணிக்கூட்டிலிருந்து 19 என்ற பைட் வந்தால் அதன் உள்வாங்கும் இடம் நிறைந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று பொருள். 17 வந்தால் தொடரலாம். அங்கிருந்து வரும் வரிகளும் துண்டு துண்டாகத்தான் வரும். வரிமுறிவு வரும்வரை சேர்த்துவைத்துப் பிறகே பிரித்துப் பாருங்கள்.

வரிசைக்குள் எதை வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். இணைப்பு பத்து நிமிடம் அறுந்து பிறகு வந்தால், காற்று நிலவரத்தில் கடைசியாக வந்தது மட்டும் போதும். மாமியின் செய்திகள் எல்லாம் வேண்டும், ஒழுங்காக. ‘அழைப்பு வருகிறது’ என்பதோ பத்து நிமிடம் கழித்து வெறும் தொல்லை. அதைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுத்து, மணிக்கூடு அந்த எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகே வரிசையிலிருந்து நீக்குகிறேன். முன்பு ஒரே செய்தி நான்கு தடவை அதிர்ந்தது. மாமா பயந்து படகைத் திருப்பிவிட்டார்.

இனி தமிழுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தத் தலைப்பு.

மாமியின் முதல் சோதனைச் செய்தி: “மண்ணெண்ணெய் வாங்கியாயிற்று”. படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் அடுத்த நாள் இல்லை, ஆகவே முக்கியமான செய்திதான். மணிக்கூட்டில் தெரிந்தது ஒரு வரிசைக் குப்பை. “பிள்ளை, இது எறும்பு ஊர்ந்த தடம்போல இருக்கிறது” என்றார் மாமா. உடன் வரும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. சரி, தமிழ் எழுத்துருவை ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், அது தொடக்கம் மட்டும்தான்.

மண்ணெண்ணெய் என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஒருங்குறியில் பதினொரு குறியீடு. அவற்றைப் பைட்டாக்கும் யுடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 33 பைட். புளூடூத் லோ எனர்ஜி ஒரு தடவையில் அனுப்பும் இயல்பான பொதியில் நமக்குக் கிடைப்பது 20 பைட். இருபதாவது பைட்டில் வெட்டினால் ‘மண்ணெண’ வரை வந்து, அடுத்த புள்ளி பாதியில் முறிந்து நிற்கும். வெட்டுவதைச் சரிசெய்தாலும் இன்னொரு தடை: ‘ணெ’யில் கொம்பு நம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, குறியீட்டில் பின்னால் வருகிறது. அதை இடம் மாற்றி வரைய எழுத்தைக் கோக்கும் நிரல் வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் செய்கிறது. மணிக்கூட்டில் அப்படி ஒன்றும் இல்லை.

தீர்வு காட்ஜெட்பிரிட்ஜில் கிடைத்தது. மணிக்கூட்டால் எழுத முடியாத சொல்லைப் போனிலேயே படமாக வரைந்து அனுப்பும் வசதி அதில் உண்டு. நான் ஒருபடி கூடப் போய், செய்தி முழுவதையும் படமாக்குகிறேன். ஸ்டேட்டிக் லேஅவுட் என்ற வகுப்பிடம் 176 பிக்சல் அகலம் கொடுத்தால் வரி மடிப்பதையும் கொம்பை இடம் மாற்றுவதையும் அதுவே செய்துவிடும். அதைப் பிட்மேப்பில் வரைந்து, ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பா வெள்ளையா என்று தீர்மானித்து, எட்டுப் பிக்சலை ஒரு பைட்டாகக் கட்டுங்கள். 32 பிக்சல் உயரமான ஒரு வரிக்கு 704 பைட். அதை எழுத்தாக அனுப்ப பேஸ் 64இல் மாற்றினால் 940. இருபது பைட் பொதியில் 47 பொதிகள்.

நாற்பத்தேழு பொதி என்பது அதிகம். இணைந்தவுடனேயே பெரிய பொதி அளவைக் கேளுங்கள். கேட்டது கிடைக்கும் என்று எண்ணாமல், பதிலில் வரும் அளவிலிருந்து மூன்று பைட் கழித்ததைப் பயன்படுத்துங்கள். படம் அனுப்பும் நேரத்துக்கு மட்டும் இணைப்பின் முன்னுரிமையை உயர்த்துங்கள். போனும் மணிக்கூடும் பேசிக்கொள்ளும் தவணை உயர்நிலையில் 11.25 முதல் 15 மில்லிசெக்கன், சிக்கன நிலையில் 100 முதல் 125. தவணைக்கு ஒரு பொதி என்று வைத்தால் சிக்கன நிலையில் ஒரு வரிக்கே ஏறத்தாழ ஐந்து செக்கன். அனுப்பி முடிந்ததும் கட்டாயம் சிக்கன நிலைக்குத் திரும்புங்கள். நான் மறந்த வாரத்தில் பற்றரி கரைந்த வேகத்தைப் பார்த்து மாமா மணிக்கூட்டைக் கழற்றியே வைத்துவிட்டார்.

எழுத்தின் கனத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய எழுத்துருவைச் சிறிதாக வரைந்தால் மெய்யின் புள்ளி காணாமல் போய் ‘மணணெணணெய’ ஆகிவிடும். தடித்ததில் வரைந்தால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். விளிம்பு மென்மையாக்கலை நிறுத்தி, நடுத்தரக் கனத்தில், 26 பிக்சலில் நிறுத்தினேன். மூன்று புள்ளியும் நான்கு ணகரமும் இந்த ஒரே சொல்லில் இருப்பதால், எந்த எழுத்துருவைச் சோதித்தாலும் இதையே தட்டிப் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து வயதுக் கண், வெயிலில், ஆடும் படகில் படிக்கவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. நேர வித்தியாசத்தை முழு எண்ணாக வைத்து நிரல் எழுதினேன். நம் நாட்டுக்கு அது ஐந்தரை. என் நிரலில் ஐந்தாகிவிட்டது. மாமா அரைமணி பிந்திக் கடற்கரைக்குப் போனார், கூட வருபவர்கள் போய்விட்டார்கள். வித்தியாசத்தை ஐந்தரை என்று கையால் எழுதுவதும் சரியில்லை. 1996இல் இலங்கை நேரம் ஆறரைக்கும் பிறகு ஆறுக்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. போனிடம் கேட்டு, நிமிடக் கணக்கில் வாங்கி அனுப்புங்கள்.

எல்லா அறிவிப்பையும் அனுப்பாதீர்கள். இறங்கிக்கொண்டிருக்கும் கோப்பு, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு போன்றவை ‘நடந்துகொண்டிருப்பவை’ என்ற கொடியோடு வரும், தள்ளிவிடுங்கள். செய்திச் செயலிகள் தனிச் செய்தியோடு தொகுப்புச் செய்தி ஒன்றையும் போடும், அதையும் தள்ளுங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் மணிக்கட்டில் மின்ன வேண்டாம்.

பின்னணியில் உயிரோடு இருக்க முன்னணிச் சேவை ஒன்று தேவை. ஆண்ட்ராய்ட் 14இலிருந்து அதன் வகையை ‘இணைக்கப்பட்ட கருவி’ என்று அறிவிக்க வேண்டும். அப்படியும் சில போன்கள் பற்றரியைக் காக்கிறோம் என்று செயலியைக் கொன்றுவிடும். மாமாவின் போனும் அந்த இனம்தான். பற்றரி அமைப்பில் விலக்குக் கொடுக்கும் பக்கத்துக்கு நேரே கொண்டுபோகும் பொத்தான் ஒன்றைச் செயலியில் வைத்திருக்கிறேன்.

சோதிக்கக் கடலுக்குப் போகத் தேவையில்லை. போனை ஒரு தகர பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி, மணிக்கூட்டோடு அடுப்படிக்குப் போனால் இணைப்பு அறும். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் எத்தனை செய்தி எந்த ஒழுங்கில் வருகிறது என்று தெரியும். இருபது தடவையாவது செய்யுங்கள். உப்புத்தண்ணீருக்கு எந்த மணிக்கூட்டையும் நம்பாமல், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பின்பக்கத்துச் சார்ஜ் முனைகளைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாகச் சேர்த்தது பதில். அறிவிப்போடு வரும் செயல்களில் ரிமோட் இன்புட் (பதில் எழுதும் இடம்) உள்ள ஒன்று இருந்தால், அதில் உங்கள் வாசகத்தை நிரப்பி அனுப்பலாம். அறிவிப்பு அழியுமுன் அனுப்பிவிட வேண்டும். மூன்று பொத்தானுக்கும் வாசகங்களை மாமாவே சொன்னார்: “வருகிறேன்”, “பிந்தும்”, “ஐஸ் எடுத்து வை”. முதல் இரண்டுக்கும் மாமி உடனே சரி என்று அனுப்புகிறார். மூன்றாவதற்கு, எத்தனை கிலோ என்று திருப்பிக் கேட்கிறார்; அதற்கு இன்னும் பொத்தான் இல்லை.