மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளும் புன்செய்களும் மனைகளாகப் பிரிந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு மனைப்பிரிவின் வரைபடத்திலும் ஒரு மூலையில் பச்சை நிறம் தீட்டிப் 'பூங்கா' என்று எழுதியிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே சீமைக்கருவேலமும், வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன செங்கல் இடிபாடும்தான் கிடக்கும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தரப்பட்டுப் பயனின்றிக் கிடக்கும் ஓர் இடத்தை முதன்முறையாகக் கையில் எடுக்கும் இளம் கட்டடக் கலைஞருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: இடம் யாருடையது என்று பாருங்கள்

பென்சிலைத் தொடுவதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், தான செட்டில்மெண்ட் பத்திரம், நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நகரத்தோடு ஒட்டியிருக்கும் பல மனைப்பிரிவுகள் உண்மையில் ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் என்பதால், அனுமதி கேட்க வேண்டிய அலுவலகம் எது என்பதும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். ஊராட்சி என்றால் கிராம சபையிலும், நகராட்சி என்றால் வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்திலும் உங்கள் எண்ணத்தை முதலில் சொல்லுங்கள்.

படி 2: ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

தொடங்குபவர்கள் மிகுதியும் தவிர்க்கும் படி இதுதான். எனக்குத் தெரிந்து மிகுந்த பலன் தருவதும் இதுதான். காலை 7 மணி, நடுப்பகல் 1 மணி, மாலை 6 மணி என மூன்று வேளையும், வாரநாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போய் நில்லுங்கள். 'பயன்படாத இடம்' என்று நாம் பெயர் வைத்த இடத்தில், யாரோ ஒருவர் மாடு கட்டியிருப்பார். பிள்ளைகள் ஸ்டம்புக்குப் பதில் செங்கல்லை நட்டிருப்பார்கள். பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்களின் கால்பட்டு ஒரு குறுக்குப்பாதை தேய்ந்து வெளுத்திருக்கும். அவை அனைத்தையும் அளவோடு குறித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் வரைந்த ஒரு திட்டத்தில், அத்தகைய ஒற்றையடிப் பாதையின் குறுக்கே அழகான வளைவுச் சுவர் ஒன்றை வைத்தேன். மூன்றே மாதத்தில் மக்கள் அதன் ஒரு முனையை உடைத்து வழி செய்துகொண்டார்கள். பிழை சுவரில் இல்லை, அதை வரைந்த என்னிடம்தான் இருந்தது.

படி 3: சுண்ணாம்புக் கோட்டில் முதல் வரைபடம்

முட்களை அகற்றி இடிபாடுகளை ஒதுக்கிய பிறகு, உங்கள் திட்டத்தைக் காகிதத்தில் அன்றித் தரையிலேயே சுண்ணாம்புத்தூளால் முழு அளவில் வரையுங்கள். கணினித் திரையில் தாராளமாகத் தெரிந்த நடைபாதையில் இரண்டு பேர் ஒருசேர நடக்க முடியவில்லை என்பது அங்கே உடனே விளங்கும். பூ விவசாயிகள் பயன்படுத்தும் பச்சை நிழல்வலையை நான்கு சவுக்குக் கம்புகளில் கட்டி, அதனடியில் சில பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒரு மாதம் விட்டுவிடுங்கள். மக்கள் நாற்காலியை எங்கே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்களோ, அங்கேதான் பின்னாளில் நிலையான இருக்கை வர வேண்டும்.

படி 4: குறைவாகக் கட்டுங்கள்

ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியில் பணிபுரிந்த ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர், போருக்குப் பின் காலியாகக் கிடந்த மனைகளிலும் தெருமுனைகளிலும் 1947 முதல் 1978 வரை 700-க்கும் மேற்பட்ட விளையாட்டுத் திடல்களை அமைத்தார். மணல்குழி, கான்கிரீட் கட்டைகள், வளைத்த இரும்புக் கம்பிகள் ஆகியவற்றையே இடத்துக்கு இடம் மாற்றி அடுக்கினார். யானை வடிவச் சறுக்குமரத்தை விலைக்கு வாங்கி நடுவதைவிட இது கடினமான வேலை என்பேன். ஏனெனில் இங்கே பொருளைவிட இடைவெளிதான் பேசுகிறது.

நமக்கு அந்த மணலும் கான்கிரீட்டும் தேவையில்லை. கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கிப் போட்ட கல் துண்டுகள் இந்த மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கும். மெருகேற்றாத முகத்தை மேலே வைத்து, 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் அடுக்கினால் அது இருக்கை. அதையே சற்றுத் தாழ்த்தினால் பிள்ளைகள் தாவும் படி. மெருகேற்றிய கல் மழையில் வழுக்கும். கருங்கல் வெயிலில் அனலாகக் கொதிக்கும் என்பதால், நிழல் விழும் இடத்தை உறுதி செய்யாமல் ஒரு கல்லையும் பதிக்காதீர்கள். புங்கன், வேம்பு, பூவரசு ஆகியவற்றைத் தென்மேற்கு ஓரத்தில் நட்டால், பிற்பகல் வெயிலை மறிக்கும்.

நடுப்பகுதியை எதுவும் வைக்காமல் விடுங்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்துக்கும், அன்னதானப் பந்திக்கும், மாலைநேரக் கிரிக்கெட்டுக்கும் வேண்டியது வெறும் சமதரைதான்.

படி 5: தண்ணீரும் சாவியும்

சாலைகளின் மழைநீர் தாழ்வான மூலைக்கு வரும்படி தரைச்சரிவை அமைத்து, அங்கே ஒரு கசிவுக்குழி எடுத்தால், கன்றுகளுக்குத் தண்ணீர் லாரி வேண்டிய நாட்கள் குறையும். நகராட்சிப் பகுதியில், மக்கள் தங்கள் பங்குத்தொகையைச் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும் 'நமக்கு நாமே' திட்டத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். வரைபடங்களோடு பராமரிப்புத் தாள் ஒன்றையும் இணையுங்கள்: கன்றுகளுக்கு எந்தக் கிழமை யார் தண்ணீர் விடுவது, விளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது, குழாய் அறையின் சாவி எந்த வீட்டில் இருக்கும் என்பவற்றைக் குடியிருப்போரோடு உட்கார்ந்து எழுதுங்கள். வேலை முடிந்து ஓராண்டு கழித்து அந்தத் தாளோடு மீண்டும் போய், கருகிய கன்றுகளையும் இடம் மாறிய கற்களையும் குறித்துவிட்டு வாருங்கள்.