தருமபுரி, கிருஷ்ணகிரி பஸ்களுக்கு ஒரு பயணத் திட்டக் கருவி: உங்கள் கணினியிலேயே அமைக்கும் முறை

கிருஷ்ணகிரி நகரத்துக்குப் பயணிகள் ரயில் கிடையாது. தருமபுரியில் ஸ்டேஷன் இருந்தாலும் பென்னாகரமோ அரூரோ போக பஸ்தான். காரிமங்கலத்தில் எத்தனை மணிக்கு ஏறினால் தருமபுரியில் ஒகேனக்கல் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்ற கேள்விக்கு, பிரவுசரிலேயே பதில் தரும் ஒரு கருவியை வீட்டுக் கணினியில் ஓட்ட முடியும். அதன் பெயர் ஓபன் ட்ரிப் பிளானர். இலவசம், திறந்த மூல மென்பொருள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட் 2009-ல் தொடங்கிவைத்த திட்டம்.

மென்பொருளை நிறுவ ஒரு மணி நேரம் போதும். பஸ் நேரங்களைச் சரியாக எழுதுவதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அதனால் முதலில் ஒரே ஒரு தடத்தை மட்டும் எடுப்போம்: தருமபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி. அது ஓடிய பிறகு மற்ற தடங்களைச் சேர்க்கலாம்.

தேவையானவை

8 ஜிபி ரேம் உள்ள கணினி, ஜாவா, ஓபன் ட்ரிப் பிளானரின் ஜார் ஃபைல் (ஜாவாவில் ஓடும் நிரல்), சாலை வரைபடம், பஸ் நேரத் தரவு. இவ்வளவுதான்.

ஜாவா 21 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். புதிய வெளியீடுகள் இன்னும் உயர்ந்த பதிப்பைக் கேட்கலாம் என்பதால், நீங்கள் இறக்கும் வெளியீட்டின் குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். ஓடவிட்டதும் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்று பிழை வந்தால் உங்கள் ஜாவா பழையது என்று அர்த்தம். ஜார் ஃபைல், திறந்த மூல நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் இந்தத் திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து கிடைக்கும். பெயரில் 'ஷேடட்' என்ற சொல் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், மற்றவை தனியாக ஓடாது. ஒரு புதிய ஃபோல்டரில் போட்டு, ஓடிபி டாட் ஜார் என்று பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாலை வரைபடம்

பொதுமக்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவை ஜியோஃபேப்ரிக் தளம் தென்னிந்தியா முழுவதற்கும் ஒரே ஃபைலாகத் தருகிறது. அதை அப்படியே போட்டால் சாதாரணக் கணினியின் நினைவகம் தாங்காது. நமக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும்: மேற்கே 77.4, தெற்கே 11.7, கிழக்கே 78.8, வடக்கே 12.95. ஓசூர், ஒகேனக்கல், அரூர் மூன்றும் இதற்குள் வந்துவிடும்.

வெட்டுவதற்கு ஆஸ்மியம் என்ற கருவி இருக்கிறது. கட்டளை எழுதத் தயங்குபவர்கள் பிபிபைக் தளத்தில் கட்டத்தை வரைந்து, வடிவமாக 'பிபிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இறக்குவதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்கு வரும். கிடைத்த ஃபைலின் பெயர் 'டாட் பிபிஎஃப்' என்று முடிய வேண்டும். அந்த முடிவைப் பார்த்துத்தான் இது வரைபடம் என்று கருவி அடையாளம் காண்கிறது.

பஸ் நேரத் தரவு

ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் எழுத வேண்டும். பெயர்தான் பயமுறுத்தும், உள்ளே இருப்பது காற்புள்ளியால் பிரித்த ஆறு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள்: ஏஜென்சி, ஸ்டாப்ஸ், ரூட்ஸ், ட்ரிப்ஸ், ஸ்டாப் டைம்ஸ், காலண்டர். ஃபைல் பெயரும் தலைப்பு வரிசையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சொல் வந்தால் நடுவில் அண்டர்ஸ்கோர்.

ஏஜென்சியில் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு வரி, ஒவ்வொரு தனியார் பஸ் நிறுவனத்துக்கும் ஒரு வரி. நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா. ரூட்ஸில் பஸ்ஸுக்கான வகை எண் 3. ட்ரிப்ஸில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி. போகும் நடையும் வரும் நடையும் தனித்தனி.

ஸ்டாப்ஸில்தான் கவனம் தேவை. நம் பக்கத்தில் 12-ஐ ஒட்டி வரும் எண் அட்சரேகை, 78-ஐ ஒட்டி வருவது தீர்க்கரேகை. மாற்றிப் போட்டால் தருமபுரி பஸ் ஸ்டாண்ட் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வையுங்கள். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஸ்டாப் அரைக் கிலோமீட்டர்வரை நகர்ந்துவிடும். தருமபுரியில் டவுன் பஸ் ஸ்டாண்டையும் புறநகர் பஸ் ஸ்டாண்டையும் இரண்டு ஸ்டாப்பாகவே பதியுங்கள். பஸ் மாறுபவர் இடையில் நடக்கும் நிமிடங்கள் அப்போதுதான் கணக்கில் வரும்.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் உள்ள ஸ்டாப்களுக்கு இரு பக்கமும் தனித்தனிப் புள்ளி வேண்டும். நடுவில் தடுப்பு இருக்கிறது. மக்கள் கடக்கும் சுரங்கப்பாதை வரைபடத்தில் இல்லையென்றால், எதிரே தெரியும் ஸ்டாப்புக்குக் கருவி உங்களைக் கிலோமீட்டர் கணக்கில் சுற்றவிடும். அந்தப் பாதையை ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் நீங்களே வரைந்து சேருங்கள். அது எல்லோருக்கும் பயன்படும்.

ஸ்டாப் டைம்ஸில் பிழை மலிந்திருக்கும். பஸ் ஸ்டாண்ட் டைமிங் போர்டில் 6.10 என்று புள்ளி வைத்து, 12 மணிக் கணக்கில் எழுதியிருப்பார்கள். மாலை 6.10 என்றால் 18:10:00 என எழுத வேண்டும். நள்ளிரவைத் தாண்டும் நடைக்கு 24-க்கு மேலே தொடருங்கள்: 23:40:00-க்குக் கிளம்பினால் சேருவது 24:40:00. இங்கே 00:40:00 என்று போட்டால் பஸ் பின்னோக்கி ஓடுவதாகிவிடும். முதல் ஸ்டாப்புக்கும் கடைசி ஸ்டாப்புக்கும் நேரம் கட்டாயம். இடையில் தெரியாததைக் காலியாக விடலாம், கருவி தானே பங்கிட்டுக்கொள்ளும். ஆனாலும் காவேரிப்பட்டினம் போன்ற முக்கிய ஊருக்குக் கண்டக்டரிடம் கேட்டு நேரத்தை எழுதிவிடுவதே நல்லது.

எக்செலில் தட்டினால் அது நேரத்தையும் தேதியையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றுங்கள். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஃபைலின் முடிவை 'டாட் டிஎக்ஸ்டி' ஆக்குங்கள். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் ஊர்ப்பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

காலண்டரில் ஏழு கிழமைக்கும் 1 அல்லது 0, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. தேதி 20260101 என்ற வடிவில், இடையில் கோடு இல்லாமல்.

ஆறு ஃபைலையும் தேர்ந்தெடுத்து நேரடியாக ஜிப் செய்யுங்கள். ஃபோல்டரோடு ஜிப் செய்தால் கருவிக்கு ஃபைல்கள் தெரியாது. ஜிப்பின் பெயரில் 'ஜிடிஎஃப்எஸ்' என்ற நான்கு ஆங்கில எழுத்து எங்காவது இருக்க வேண்டும். பிறகு மொபிலிட்டி டேட்டா அமைப்பின் இலவச வேலிடேட்டர் பக்கத்தில் ஏற்றிச் சோதியுங்கள். 'எரர்' என்று வருவதைக் கட்டாயம் திருத்த வேண்டும். 'வார்னிங்' என்று வருவதைப் படித்து முடிவு செய்யலாம்.

ஓடவிடுதல்

ஜார், பிபிஎஃப், ஜிப் மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். அங்கே கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் இந்த வரிசையில் தட்டுங்கள்: ஜாவா, மைனஸ், பெரிய எக்ஸ், சிறிய எம், சிறிய எக்ஸ், 2, பெரிய ஜி (முதல் மைனஸிலிருந்து ஜி வரை இடைவெளி இல்லாமல் ஒரே துண்டு), மைனஸ் ஜார், ஓடிபி டாட் ஜார், இரட்டை மைனஸ் பில்ட், இரட்டை மைனஸ் சர்வ், கடைசியில் ஒற்றைப் புள்ளி. அந்தப் புள்ளி 'இதே ஃபோல்டர்' என்பதைக் குறிக்கிறது. அதை மறந்தால் எதுவும் நடக்காது.

'கிரிஸ்லி சர்வர் ரன்னிங்' என்ற வரி வந்ததும் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8080 எனத் தட்டுங்கள். வரைபடம் திறக்கும். அந்த எண்ணை வேறொரு நிரல் பிடித்திருந்தால் கட்டளையில் இரட்டை மைனஸ் போர்ட், 8801 என்று சேர்த்து, பிரவுசரிலும் 8801 போடுங்கள். வலது கிளிக்கில் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் குறித்துத் தேடலாம். பக்கம் திறக்கவும் பின்னணிப் படத்துக்கும் இணையம் வேண்டும், தேடல் கணக்கு உங்கள் கணினியிலேயே நடக்கும்.

பஸ்ஸே காட்டவில்லையா? முதலில் தேடும் தேதி காலண்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அடுத்து, ஸ்டாப்புக்குப் போகும் தெரு வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரு இல்லாத ஸ்டாப்புக்குக் கருவியால் நடந்து வர முடியாது.

இது சரியானதும் தருமபுரி, பென்னாகரம், ஒகேனக்கல் தடத்தைச் சேர்த்து மீண்டும் பில்ட் செய்து, காரிமங்கலத்திலிருந்து ஒகேனக்கலுக்குத் தேடிப் பாருங்கள். இறங்கிய நிமிடத்திலேயே அடுத்த பஸ் என்று காட்டினால், டிரான்ஸ்ஃபர்ஸ் என்ற ஏழாவது ஃபைலை எழுதுங்கள். வகை எண் 2, குறைந்தபட்ச மாறும் நேரம் 300 வினாடி. பை, குழந்தையோடு வருபவர் அடுத்த பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போக அந்த ஐந்து நிமிடம் வேண்டும்.