குடும்பப் பயணத்துக்கு கிரெடிட் கார்டு புள்ளிகள்: தொடங்குவோருக்கான செய்முறை

"சிங்கப்பூருக்கு இலவசமாகப் போய்வந்தோம்" என்று படம் போடுகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு இதைப் படிக்க வந்திருந்தால், அந்த ஆசையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் வியாபாரத்துக்கான சரக்கையே கார்டில் வாங்குகிறவர்கள். மாதம் சில லட்சங்கள் அதில் ஓடும், அந்தச் செலவுக்கு வங்கி தரும் புள்ளிகளும் அதற்கேற்பக் குவியும்; அவற்றைத்தான் டிக்கெட்டாக மாற்றிக்கொள்கிறார்கள். மாதம் இருபத்தைந்தாயிரம் ரூபாய் கார்டில் செலவழிக்கும் சம்பளக் குடும்பத்துக்குக் கிடைப்பது வேறு அளவு: ஆண்டுக்கு ஓரிரு ரயில் டிக்கெட், விமானக் கட்டணத்தில் ஒரு பங்கு, நன்றாகத் திட்டமிட்டால் ஓர் இரவு ஹோட்டல் அறை. சிறிய தொகைதான். ஆனால் எப்படியும் செய்யப்போகிற செலவிலிருந்து வருகிறது என்பதால் விட்டுவிட மனம் வராது.

கீழே சொல்லியிருப்பவை இந்தியாவில் வழங்கப்படும் கார்டுகளுக்கானவை.

முதல் படி: பில்லை முழுதாகக் கட்ட முடியுமா என்று பாருங்கள்

இந்தப் படியில் "இல்லை" என்று பதில் வந்தால் மீதியைப் படிக்க வேண்டியதில்லை. நம் ஊர் கார்டுகளில் வட்டி பெரும்பாலும் மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 20,000 ரூபாயை ஒரு மாதம் நிலுவையில் வைத்தால் வட்டி 700, வரி 126, ஆக 826 ரூபாய். ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகள் இப்படி நான்கு மாதத்தில் கரைந்துவிடும்.

ஸ்டேட்மென்டில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி வரும். மீதிப் பணம் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே கார்டு கைக்கு வந்ததும் முதல் வேலையாக வங்கிக் கணக்கிலிருந்து "மொத்தத் தொகை" தானாகப் பிடிக்கப்படும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் படிவத்தில் குறைந்தபட்சம், மொத்தம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எதில் டிக் விழுகிறது என்று இரண்டு முறை பாருங்கள்.

இரண்டாம் படி: ஊரை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் வணிக வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பிரதிநிதியிடம் ஏதோ ஒரு கார்டை வாங்கிவிட்டு, அதை வைத்து எங்கே போகலாம் என்று பிறகு யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். அடுத்த ஓராண்டில் குடும்பம் உண்மையிலேயே போகப்போகிற பயணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பொங்கலுக்குச் சொந்த ஊர், மே மாதம் டெல்லி, அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு மும்பை என்று எதுவாக இருந்தாலும் சரி. ரயில் அதிகமா, விமானம் அதிகமா, வெளிநாடு உண்டா என்பது தெரிந்தால் கார்டுகளில் முக்கால்வாசி தானாகவே விலகிவிடும்.

ரயிலே பிரதானம் என்றால் ஐஆர்சிடிசி பெயரிலேயே எஸ்பிஐ, எச்டிஎஃப்சி, பாங்க் ஆஃப் பரோடா ஆகியவற்றின் கார்டுகள் இருக்கின்றன. எஸ்பிஐயின் கார்டில் ஏசி வகுப்பு டிக்கெட்டை ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்தால் 10 சதவீதம் வரை புள்ளியாகத் திரும்புகிறது; ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்று அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். இதில் வேறொரு லாபமும் உண்டு. சாதாரண கார்டில் ரயில் டிக்கெட் எடுத்தால் கிட்டத்தட்ட 1 சதவீதம் பரிவர்த்தனைக் கட்டணம் ஏறும், இந்தக் கார்டில் அது தள்ளுபடி. ஐஆர்சிடிசியின் சேவைக் கட்டணமும் ஏசி டிக்கெட்டுக்கு யுபிஐ வழியே கட்டினால் 20 ரூபாய், கார்டு என்றால் 30 ரூபாய், இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. ஆக, 1 சதவீதம் புள்ளி தரும் பொதுவான கார்டில் ரயில் டிக்கெட் எடுப்பவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவர் பேசாமல் யுபிஐயில் கட்டலாம்.

குழந்தைகளை மறக்காதீர்கள். 5 முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம்தான். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ரயில் செலவு நான்கு முழு டிக்கெட். அந்த வீட்டுக்கு ரயில் கார்டு நன்றாகவே பயன்படும்.

மூன்றாம் படி: கார்டைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

விளம்பரத்தில் "100 ரூபாய்க்கு 4 புள்ளி", "150 ரூபாய்க்கு 5 புள்ளி" என்றெல்லாம் இருக்கும். புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றையும் சொல்லாது. ஒரு புள்ளிக்கு எத்தனை பைசா என்பதுதான் கேள்வி. 150 ரூபாய்க்கு 4 புள்ளி தரும் கார்டில், விமான டிக்கெட்டுக்கு ஒரு புள்ளி 50 பைசா என்று வைத்துக்கொள்வோம். 150 ரூபாய்க்கு 2 ரூபாய் திரும்புகிறது, அதாவது 1.33 சதவீதம். அதே புள்ளிக்கு மிக்ஸி, தோசைக்கல் தரும் பட்டியலில் 20 பைசாதான் மதிப்பு என்றால் அது 0.53 சதவீதமாகச் சுருங்குகிறது. கார்டு ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். மாற்றுகிற இடத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

அடுத்தது ஆண்டுக் கட்டணம். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கார்டில் செலவழிக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணமே இல்லாத, 1 சதவீதம் தரும் கார்டில் 3,000 ரூபாய் கிடைக்கும். 2 சதவீதம் தரும் கார்டில் 6,000 கிடைக்கும். ஆனால் அதன் கட்டணம் 2,500, ஜிஎஸ்டி 450, கழித்தால் 3,050. ஐம்பது ரூபாய்க்காகப் பளபளப்பான உலோக அட்டையைப் பணப்பையில் சுமக்க வேண்டுமா? குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் கட்டணம் தள்ளுபடி என்று பல வங்கிகள் சொல்கின்றன. அந்தத் தொகை உங்கள் இயல்பான செலவுக்குள் வந்தால் மட்டும் அந்தக் கார்டைப் பாருங்கள். எல்லையைத் தொடுவதற்காகத் தேவையில்லாத சோபா வாங்குகிறவர்களால்தான் வங்கிகளுக்கு இந்தத் திட்டங்கள் கட்டுப்படியாகின்றன.

விண்ணப்பத்துக்கு முன் உங்கள் சிபில் மதிப்பெண்ணை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணைப் பாருங்கள். 300 முதல் 900 வரை அதன் அளவு. ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பித்தால் அத்தனை விசாரணைகளும் அந்த அறிக்கையில் பதிவாகும். சம்பளச் சீட்டு இல்லாத மனைவிக்கோ ஓய்வுபெற்ற பெற்றோருக்கோ தனிக் கார்டு வேண்டுமென்றால், நிரந்தர வைப்புத்தொகையின் பேரில் கார்டு தரும் வங்கிகள் இருக்கின்றன. வைப்புக்கு வட்டியும் தொடர்ந்து வரும்.

நான்காம் படி: வீட்டுச் செலவை ஒரே கார்டில் குவியுங்கள்

மளிகை, மின்கட்டணம், கைபேசி, மருந்து ஆகியவற்றையெல்லாம் ஒரே கார்டுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் இன்னொருவருக்குக் கூடுதல் கார்டு வாங்கினால் அவர் செலவின் புள்ளிகளும் ஒரே கணக்கில் சேரும். பெரும்பாலும் அதற்குக் கட்டணம் இருக்காது. தெருமுனைக் கடையில் கார்டு இயந்திரம் இல்லையென்றாலும் 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்து க்யூஆர் குறியீட்டில் கட்ட முடிகிறது. ஆனால் யுபிஐ செலவுக்குச் சில கார்டுகள் புள்ளியைக் குறைத்துத் தருகின்றன, சில தருவதே இல்லை.

எதற்கெல்லாம் புள்ளி கிடையாது என்ற பட்டியலும் நீளமானது. எரிபொருள், வீட்டு வாடகை, டிஜிட்டல் பர்ஸில் பணம் ஏற்றுவது, தவணைக்கு மாற்றிய தொகை ஆகியவை பெரும்பாலான கார்டுகளில் கணக்கில் வராது. பள்ளிக் கட்டணத்தை இடைத்தரகுச் செயலி வழியே கட்டினால் 1 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும் வங்கிகள் உண்டு. பள்ளியின் சொந்தத் தளத்திலோ அலுவலக இயந்திரத்திலோ கட்டுவது நல்லது.

ஐந்தாம் படி: புள்ளியைச் செலவழியுங்கள்

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குச் சேமிப்பது ரத்தத்தில் ஊறியது. ஆனால் புள்ளி தங்கம் அல்ல. அதற்கு வட்டி கிடையாது, மதிப்பைக் குறைக்கும் உரிமை வங்கியிடமே இருக்கிறது. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 புள்ளி கூடுதலாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. 2023 செப்டம்பரில் அதை நிறுத்தினார்கள். விமான நிறுவனங்களுக்குப் புள்ளியை மாற்றும் விகிதத்தையும் ஐந்துக்கு நான்கிலிருந்து ஐந்துக்கு இரண்டாக்கினார்கள். 2024 நவம்பரில் விஸ்தாரா என்ற விமான நிறுவனமே ஏர் இந்தியாவோடு இணைந்து மறைந்தது. ஓராண்டுக்கு மேல் புள்ளியைத் தேக்கி வைக்காதீர்கள் என்பது என் கட்சி.

மாற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. எளிதானது, வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் டிக்கெட் எடுத்துப் புள்ளியைக் கழிப்பது. இங்கே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்: அதே விமானத்தின் விலையை விமான நிறுவனத்தின் தளத்திலும் பாருங்கள். நான்கு டிக்கெட்டுக்கு வங்கித் தளத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தால், உங்கள் புள்ளியில் அவ்வளவு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். டிக்கெட்டின் முழு விலையையும் புள்ளியால் கட்ட விடாத வங்கிகளும் உண்டு, மீதியைக் கார்டில்தான் கட்ட வேண்டும். புள்ளியை மாற்றுவதற்கே 99 ரூபாயும் வரியும் பிடிப்பது பரவலான வழக்கம். ஐந்நூறு ரூபாய்ப் புள்ளிகளை நான்கு தடவையாக மாற்றாமல் ஒரே தடவையில் மாற்றுங்கள்.

இரண்டாவது வழி, விமான நிறுவனத்தின் மைல்களாக, அதாவது அந்த நிறுவனத்தின் சொந்தப் புள்ளிகளாக மாற்றுவது. எச்டிஎஃப்சி, ஆக்சிஸ், எச்எஸ்பிசி போன்ற வங்கிகளின் சில கார்டுகளிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்துக்கு மாற்றலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இது பொருந்தும். ஒருவர் கணக்கில் உள்ள மைல்களில் குடும்பத்தார் ஐந்து பேர்வரை பதிவு செய்து அவர்களுக்கும் டிக்கெட் எடுக்கலாம். குறைந்த மைல்களுக்குக் கிடைக்கும் இருக்கைகள் பயண நாளுக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே திறக்கின்றன. மே மாதப் பள்ளி விடுமுறையில் ஒரே விமானத்தில் நான்கு இருக்கை வேண்டுமென்றால் அப்போதே பார்க்க வேண்டும். இருக்கை இருப்பதை உறுதி செய்த பிறகே புள்ளியை மாற்றுங்கள். மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது. அந்த மைல்களும் மூன்றாண்டில் காலாவதியாகும். வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நான்கு பேருக்கும் பணமாகவே கட்ட வேண்டும்.

மூன்றாவது ஹோட்டல். மேரியட் பெயரில் எச்டிஎஃப்சி 2023-இல் ஒரு கார்டு கொண்டுவந்தது. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் வரியும், பதிலாக ஆண்டுக்கு ஓர் இலவச இரவு. அந்தக் கட்டணத்துக்கு மேல் வாடகை உள்ள அறையை உண்மையிலேயே எடுக்கும் குடும்பத்துக்குத்தான் லாபம். இலவச இரவு என்பது அறைக்கு மட்டும். காலை உணவு, பிள்ளைகளுக்கான கூடுதல் படுக்கை ஆகியவற்றைப் பற்றி முன்பதிவு செய்யும்போதே ஹோட்டலுக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: லவுஞ்சு

விமான நிலைய லவுஞ்சுக்காகவே, அதாவது சாப்பாட்டோடு உட்கார்ந்து காத்திருக்கும் அறைக்காகவே கார்டு வாங்குகிறவர்கள் நிறைய. குடும்பத்தோடு போகும்போது அதன் உண்மை நிலை இது: கார்டு வைத்திருப்பவர் ஒருவருக்குத்தான் பெரும்பாலும் அனுமதி. அப்பா உள்ளே பொங்கலும் வடையும் சாப்பிட, மற்ற மூவரும் வெளியே நிற்க முடியாது. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிக் கார்டுகள் இருந்தால் பெரியவர்கள் இருவர் போகலாம். எந்த வயதுவரை குழந்தைக்கு இலவசம் என்பது லவுஞ்சுக்கு லவுஞ்சு மாறும். போதாததற்கு, முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் அனுமதி என்று 2024 முதல் பல வங்கிகள் நிபந்தனை போட்டுவிட்டன. ஐசிஐசிஐ வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் பல கார்டுகளுக்கு 35,000 ரூபாய் என்று தொடங்கியது. கிளம்புவதற்கு முன் செயலியில் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் சாப்பிடுங்கள், அதற்காகக் கட்டணம் கட்டிக் கார்டு வாங்காதீர்கள்.

ஏழாம் படி: வெளிநாடு என்றால்

சாதாரண கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் பெரும்பாலும் 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. மலேசியாவில் ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவழித்தால் 3,500, வரி 630, ஆக 4,130 ரூபாய் போகிறது. கிடைக்கும் புள்ளியின் மதிப்போ ஆயிரம் ரூபாய்தான். இந்தக் கட்டணமே இல்லாத கார்டுகள் இப்போது கிடைக்கின்றன. வெளிநாடு போகும் குடும்பத்துக்கு இரண்டாவது கார்டாக நான் பரிந்துரைப்பது அதைத்தான், அதில் புள்ளி குறைவாக இருந்தாலும்.

கடையில் இயந்திரம் "ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா" என்று கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் மனம் அங்கே போகும். ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள்; ரூபாயில் காட்டும் விலையில் மாற்று விகிதத்தை அவர்கள் தங்களுக்குச் சாதகமாக வைத்திருப்பார்கள். கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் மட்டும் எடுக்காதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி.

எட்டாம் படி: ஆண்டுக் கட்டணம் வரும் மாதம்

புதுப்பிப்புக் கட்டணம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, அந்த ஆண்டு கார்டு எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு வாங்கியது என்று கூட்டிக் கழியுங்கள். பலனில்லை என்றால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து மூடச் சொல்லுங்கள். பல நேரங்களில் அந்த அழைப்பிலேயே கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்வார்கள்; நிபந்தனை இல்லாத தள்ளுபடி என்றால் ஏற்றுக்கொள்ளலாம். மூடுவதாக இருந்தால் மீதிப் புள்ளிகளை முதலில் செலவழித்துவிடுங்கள், பாக்கியைக் கட்டிவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கோரிக்கையை மின்னஞ்சலிலும் அனுப்பி, அதன் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.