எரிபொருள் மாசால் கார் பழுதானதா? இழப்பீட்டைக் கைநழுவ விடும் தவறுகள்

டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிய கார் சில கிலோமீட்டருக்குள் இழுவை குறைந்து, உதறி, நடுவழியில் நின்றால் எரிபொருள்மீது சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் சந்தேகத்தை நம்பி யாரும் பணம் தரமாட்டார்கள். அந்த பங்க்கில்தான் நிரப்பினோம், நிரப்பியதில் மாசு இருந்தது, அந்த மாசுதான் இந்தப் பாகத்தைக் கெடுத்தது என்று மூன்றையும் அடுத்தடுத்து நிரூபிக்க வேண்டும். இந்தத் தொடர்பு பெரும்பாலும் முதல் நாளிலேயே அறுந்துவிடுகிறது. அறுப்பவர்கள் வண்டியின் சொந்தக்காரரும், வேலையைச் சீக்கிரம் முடித்துத் தர நினைக்கும் மெக்கானிக்கும்தான்.

கோளாறு தெரிந்த பிறகும் ஓட்டுவது

"கொஞ்ச தூரம் போனால் சரியாகிவிடும்" என்று ஓட்டுவதும், நின்ற வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் இரண்டு வகையில் நஷ்டம். முதலாவது, சேதம் பெருகும். காமன் ரயில் டீசல் வண்டிகளில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும், அதாவது டீசலைப் பீய்ச்சும் பாகங்களுக்கும், 'ரயில்' எனப்படும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) உயர் அழுத்த பம்ப் 1,600 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு), அதற்கும் மேலான அழுத்தத்தில் இயங்குகிறது. அந்த பம்ப்புக்கு வழவழப்பைத் தருவது டீசலேதான், தனியாக ஆயில் கிடையாது. டீசலில் தண்ணீரோ பெட்ரோலோ கலந்தால் அந்த வழவழப்பு போய், உலோகம் உலோகத்தோடு உரசும். உரசி உதிரும் துகள்கள் ரயில், இன்ஜெக்டர் என்று எல்லா இடத்துக்கும் போய், ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். டேங்கைக் கழுவி ஃபில்டரை மாற்றியிருந்தால் முடிந்திருக்கக்கூடிய வேலை, முழு எரிபொருள் அமைப்பையும் மாற்றும் செலவாகிவிடும்.

இரண்டாவது, எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியிருந்தால் "அதற்குப் பிறகு வந்த சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்று எதிர்த்தரப்பு வாதிடும். சேதத்தைக் குறைக்கத் தன்னால் முடிந்ததைச் செய்ய வேண்டிய கடமை பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு என்பது பல நாட்டுச் சட்டங்களில் உள்ள கொள்கை. ஆகவே ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, டேஷ்போர்டையும் கிலோமீட்டர் அளவையும் படம் எடுத்துவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். வேறு பங்க்கில் நல்ல பெட்ரோலை ஊற்றி நீர்க்கச் செய்வது, தண்ணீரை நீக்கும் ரசாயனம் ஊற்றுவது இரண்டும் கூடாது. அப்புறம் டேங்கில் இருப்பது யாருடைய எரிபொருள் என்ற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது.

மாதிரி எடுக்காமல் டேங்கைக் காலி செய்வது

இதுதான் மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது. மெக்கானிக் டேங்கைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, சுத்தம் செய்து மாட்டிவிடுகிறார். கார் ஓடுகிறது, ஆனால் சாட்சி போய்விட்டது. வண்டி ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போதே "மாதிரி எடுக்கும்வரை எதையும் கொட்டக்கூடாது" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மாதிரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ, பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குப் பக்கம், டீசலுடையது சுமார் 830 கிராம். அதனால் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். மேலிருந்து குழாய் விட்டு உறிஞ்சினால் சுத்தமான எரிபொருள்தான் வரும், ஆய்வகமும் "குறை இல்லை" என்று எழுதிவிடும். டேங்கின் அடிப்பகுதியிலிருந்து ஒன்று, ஃபில்டர் கூட்டிலிருந்து ஒன்று என்று எடுக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு விஷயமும் உண்டு. ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அசையாமல் வைத்தால் கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு, நடுவில் கோடு போட்டதுபோல எல்லை தெரியும். கீழ் அடுக்கு முழுவதும் தண்ணீர் என்று அளந்து எழுதிவிடாதீர்கள். அதில் எத்தனாலும் இருக்கிறது, அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு அறிக்கை முழுவதையும் கேள்வி கேட்கும்.

குடிதண்ணீர் பாட்டிலில் பிடிப்பது வழக்கமாக நடக்கும் இன்னொரு பிழை. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் "தண்ணீர் உங்கள் பாட்டிலில் இருந்து வந்தது" என்பார்கள். நன்றாகக் காய்ந்த, அடர் நிறக் கண்ணாடி பாட்டிலோ எரிபொருளுக்கென்றே உள்ள உலோகக் கேனோ வேண்டும். முழுக்க நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள், சூட்டில் விரியும். மூன்று பாட்டில்கள் எடுப்பது நல்லது: ஆய்வகத்துக்கு ஒன்று, பங்க் தரப்புக்கு ஒன்று, யாரும் தொடாமல் வைக்க ஒன்று. மூடியின் மேல் டேப் ஒட்டி, டேப்பும் பாட்டிலும் சேரும் இடத்தில் எடுத்தவரும் சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும். தேதி, நேரம், வண்டி எண், எங்கிருந்து எடுத்தது என்று லேபிளில் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் இதை வீட்டில் செய்யாதீர்கள், பாட்டிலை வீட்டுக்குள் வைக்கவும் வேண்டாம்.

ஆய்வகத்துக்கு "சோதித்துத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது, எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் என்றால் அதன் அளவைத் துல்லியமாகக் காட்டும் கார்ல் ஃபிஷர் சோதனை முறை. ஐரோப்பாவின் ஈஎன் 590 தரநிலையில் டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைதான் தண்ணீர் இருக்கலாம். டீசலில் பெட்ரோல் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தீப்பற்றும் வெப்பநிலை சட்டென்று இறங்கிவிடும் (அதே தரநிலையில் அது 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும்). பெட்ரோலில் டீசல் என்றால் வடித்தல் சோதனை காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேன் பதிவை அழிப்பது, பழைய பாகத்தை வீசுவது

ஸ்கேனரை மாட்டியதும் வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு "திரும்ப வருகிறதா பார்ப்போம்" என்பது ஒர்க்‌ஷாப் வழக்கம். பி0300 (பல சிலிண்டர்களில் எரிப்புத் தவறல்), பி0087 (ரயில் அழுத்தம் குறைவு) போன்ற குறியீடுகளோடு, கோளாறு வந்த நொடியில் இருந்த வேகமும் இன்ஜின் சுற்றும் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் அச்செடுங்கள்.

கழற்றிய ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, கழுவாமல் பையில் போட்டு வையுங்கள். ஃபில்டரை எதிர்த்தரப்பு ஆள் முன்னால் அறுத்துப் பார்ப்பது நல்லது. மடிப்புகளுக்குள் துருவின் பழுப்பு, வெளிச்சத்தில் மினுக்கும் உலோகத் தூள், பிசுபிசுப்பு எது இருந்தாலும் அதுவே கதையைச் சொல்லிவிடும். பழுதுபார்ப்பைத் தொடங்கும் முன், இன்ன தேதிக்குள் வந்து பரிசோதிக்கலாம் என்று பங்க் தரப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வராவிட்டால் வேலையைத் தொடங்குங்கள். எழுதிய கடிதம் உங்கள் பக்கம் நிற்கும்.

"பெட்ரோல் சரியில்லை" என்ற ஒருவரி அறிக்கை

இதை வைத்துக்கொண்டு ஒரு அடிகூட நகர முடியாது. என்ன அறிகுறி, எந்தச் சோதனை, எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு இருந்தது, எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்பதெல்லாம் அறிக்கையில் வர வேண்டும். வேறு காரணங்கள் ஏன் இல்லை என்பதும் வர வேண்டும்: டேங்க் மூடியின் ரப்பர் சரியாக இருக்கிறதா, ஃபில்டர் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா, சொந்தக்காரரே தவறான எரிபொருளை நிரப்பவில்லையா. பழைய சர்வீஸ் பில்கள் இங்கேதான் கைகொடுக்கும். நிரப்பிப் பல வாரங்கள் கழித்து வந்த கோளாறுக்கு இந்த வழக்கு நிற்பது கடினம், அதை முன்பே தெரிந்துகொள்வது செலவை மிச்சப்படுத்தும்.

பில் வெப்பத்தாளில் அச்சாவதால் எழுத்து மங்கிவிடும், அன்றே படம் எடுங்கள். நேரம், நாசில் எண், லிட்டர் மூன்றும் தெரிய வேண்டும். புகாரை அன்றே மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, கடைசியாக டேங்கர் வந்து இறக்கிய நேரத்தையும் நிலத்தடி டேங்கில் தண்ணீர் அளந்த பதிவையும் கேளுங்கள். டேங்கர் இறக்கும்போது அடியில் கிடக்கும் தண்ணீரும் வண்டலும் கலங்கி மேலே வரும் என்பதால் அந்த நேரம் முக்கியம். ஆய்வக முடிவு வருவதற்கு முன் பெயர் சொல்லிப் பொதுவெளியில் குற்றம் சாட்டினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள்.

கையெழுத்தில் ஏமாறுவது

"எரிபொருள் காசைத் திருப்பித் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றால் தாளை முழுக்கப் படியுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்று இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) சூடாக்கிக் கெடுத்திருந்தால், அது சில வாரம் கழித்துத்தான் தெரியும். வண்டியை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகே கையெழுத்து. கேட்கும் தொகையில் இழுவை, பரிசோதனை, டேங்க் சுத்தம், பாகம், கூலி, ஆய்வகக் கட்டணம், மாற்று வண்டிச் செலவு எல்லாம் ரசீதோடு இருக்கட்டும். தேய்ந்த பழைய பாகத்துக்குப் பதில் புதியது போட்டால் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கழிக்கச் சொல்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

வாகன உற்பத்தியாளரின் வாரண்டி பொதுவாக எரிபொருள் மாசை ஏற்காது. சொந்தக் காப்பீடு ஏற்குமா என்பது பாலிசியைப் பொறுத்தது. ஏற்று அவர்கள் பணம் கொடுத்தால், பங்க்கிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை பொதுவாக அவர்களுக்குப் போகும். அவர்களுக்குச் சொல்லாமல் நீங்கள் பங்க்கோடு சமரசம் செய்துகொண்டால் அந்த உரிமை கெட்டு, உங்கள் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம். ஆகவே பங்க்கோடு தொகை பேசுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.